பேச்சு முதலில், பயணம் பிறகு: தோட்டக் குழுவை வெளியூர்த் தோட்டங்களுக்குக் கூட்டிப்போவது எப்படி

கோவை வடவள்ளிப் பக்கம் மாடியிலும் வீட்டு முற்றத்திலும் செடி வளர்க்கும் நாங்கள் சிலர் சேர்ந்து ஒரு தோட்டக் குழு நடத்துகிறோம். மாதம் ஒரு பேச்சு, இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ஏதாவது ஒரு தோட்டத்துக்குப் பயணம். பயண ஏற்பாடு என் பொறுப்பு. "எங்க ஏரியாவுலயும் ஆரம்பிக்கணும், எப்படி நடத்துறீங்க?" என்று கேட்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பேச்சையும் பயணத்தையும் தனித்தனியாகப் போடாதீர்கள். இந்த மாதம் எதைப் பற்றிப் பேச்சோ, அதைக் கண்ணால் பார்க்கத்தான் அடுத்து வண்டி ஏற வேண்டும். ஒன்றும் தெரியாமல் போனால் தோட்டத்தை ஒரு சுற்று சுற்றி, போட்டோ எடுத்து, சாப்பிட்டுவிட்டுத் திரும்பிவிடுவோம். கேட்டுவிட்டுப் போனால் செடிக்குச் செடி விட்டிருக்கும் இடைவெளி, வேரடியில் சருகு, வைக்கோல் பரப்பிப் போட்டிருக்கும் மூடாக்கு, தண்ணீர் எந்தப் பக்கம் வடிகிறது என்பதெல்லாம் தானாகக் கண்ணில் படும். திரும்பி வந்ததும் எல்லோரும் வீட்டில் செய்து பார்க்க ஒரு வேலை கொடுங்கள். பேச்சு, பயணம், வீட்டு வேலை, மூன்றும் ஒரே விஷயத்தைப் பற்றி இருக்கட்டும். வெறும் சுற்றுலாவாக இருந்தால் கொஞ்ச நாளில் ஆள் குறைந்துவிடும்.

மாதக் கணக்கு

வருடத் திட்டத்தை ஆங்கிலக் காலண்டரை வைத்துப் போடுவதைவிடப் பட்டத்தை, அதாவது விதைக்கும் பருவத்தை, வைத்துப் போடுவது நல்லது. ஆடிப்பட்டத்துக்கு விதைக்க வேண்டும் என்றால் விதை பற்றிய பேச்சு ஆனியிலேயே முடிந்திருக்க வேண்டும். கோவையில் பெருமழை ஐப்பசி, கார்த்திகையில்தான். மழை பெய்து ஈரமாக இருக்கும்போது வயலுக்குள் பதினைந்து பேர் இறங்கினால் சேறும் நமக்கு, வரப்பு உடைந்த பாவமும் நமக்கு. அடைமழைக்குக் கூரை உள்ள இடமாகப் பாருங்கள். எங்களுக்குப் பக்கத்திலேயே வேளாண் பல்கலைக்கழகத்தின் பூச்சி அருங்காட்சியகம் இருக்கிறது. 2018-ல் திறந்தார்கள். நல்லது செய்யும் பூச்சி எது, செடியைத் தின்னும் பூச்சி எது என்று அங்கே பார்த்துவிட்டு வந்தால், மாடியில் எதைக் கண்டாலும் மருந்தைத் தேடி ஓடும் பழக்கம் நின்றுவிடும்.

பூ நிறைந்திருக்கும் நாளில்தான் போக வேண்டும் என்று பெரும்பாலும் ஆசைப்படுவார்கள். நான் வேலை நடக்கும் நாளைத்தான் தேடுவேன். கவாத்து (கிளைகளை வெட்டிவிடுவது), பதியன் (கிளையை மண்ணில் புதைத்து வேர்விட வைப்பது), ஒட்டுக் கட்டுதல், நாற்று பிடுங்குதல், இவை நடக்கும்போது போனால்தான் கற்றுக்கொள்ள முடியும்.

சத்தியில் மல்லிகைக் கவாத்து

எங்கள் பயணங்களில் எனக்கு மிகவும் பிடித்தது, கார்த்திகையில் சத்தியமங்கலம் பக்கம் குண்டுமல்லித் தோட்டத்துக்குப் போனது. பூ ஒன்றுகூட இல்லாத நாள். குண்டுமல்லிக்கு நவம்பர் கடைசி வாரம்தான் கவாத்துக் காலம். அதற்கு முன்பே தண்ணீர் கட்டுவதை நிறுத்திச் செடியைக் காயவிட்டிருந்தார்கள். வரிசையாகப் புதர் புதராக நின்ற செடிகளில் ஒவ்வொன்றாகக் கிளைகளை ஒன்றுசேர்த்துக் கயிற்றால் இறுக்கிக் கட்டினார்கள். தரையிலிருந்து சுமார் 50 செ.மீ. விட்டு, அதற்கு மேல் இருந்ததை எல்லாம் வெட்டித் தள்ளினார்கள். அப்புறம் மிச்சம் இருந்த இலையையும் உருவிவிட்டார்கள். காய்ந்த குச்சி, நோய்பட்ட குச்சி, உள்பக்கம் ஒன்றோடொன்று உரசும் குச்சி எல்லாம் அடியோடு போனது.

எங்கள் குழுவில் ஓர் அக்கா வாயில் கை வைத்துக்கொண்டு, "இத்தனையும் வெட்டணுமா?" என்றார். வெட்டிக்கொண்டிருந்த அம்மா நிமிரவே இல்லை. "பாவம் பார்த்தா பூ வராதுங்க அம்மிணி. புதுக் குச்சியிலதான் மொட்டு கட்டும்" என்றார். மல்லிகையைப் பற்றி அதற்கு மேல் சொல்ல என்ன இருக்கிறது?

அதற்கு முந்தைய பேச்சில் மூன்று மல்லிகைகளுக்கும் கவாத்து மாதம் வேறு வேறு என்று கேட்டிருந்தோம். குண்டுமல்லிக்கு நவம்பர் கடைசி, ஜாதிமல்லிக்கு டிசம்பர் கடைசி, முல்லைக்கு ஜனவரி கடைசி. கேட்கும்போது அது ஒரு பட்டியலாகத்தான் காதில் விழுந்தது. தோட்டத்தில், வெட்டி முடித்த குண்டுமல்லிக்குப் பக்கத்து வயலில் முல்லை இன்னும் பச்சையாக நின்றதைப் பார்த்தபோது எல்லோருக்கும் மனதில் பதிந்துவிட்டது. அதற்கான வீட்டு வேலை, அவரவர் தொட்டியில் இருக்கும் குண்டுமல்லியை அதே வாரம் கவாத்து செய்வது. தொட்டிச் செடி வயல் செடி அளவு பெரிதாக இருக்காது, அதனால் பாதி உயரம் விட்டு வெட்டினால் போதும். வெட்டிய பிறகு மேல்மண்ணைக் கிளறித் தொழுவுரமோ மண்புழு உரமோ போட்டு, அதன் பிறகு தண்ணீர் விட வேண்டும். வெயில் படாத இடத்தில் தொட்டி இருந்தால் கவாத்தால் பெரிய பலன் கிடைக்காது, அதை முதலில் இடம் மாற்றுங்கள்.

இந்த மாதிரித் தோட்டத்துக்குக் காலை பத்து மணிக்கு மேல் போவதுதான் சரி. பூ எடுக்கும் பருவத்தில் விடிவதற்கு முன்பே எடுக்க ஆரம்பித்து, மார்க்கெட்டுக்கு அனுப்பும் வரை அவர்களுக்கு மூச்சுவிட நேரம் இருக்காது. அந்த நேரத்தில் போய் நின்று கேள்வி கேட்பது அவர்கள் கூலியில் கை வைப்பதற்குச் சமம்.

தோட்டத்துக்காரரிடம் எப்படிக் கேட்பது

தெரிந்தவர் மூலம் போனில் பேசிவிட்டு, ஒருமுறை நேரில் போய்விடுங்கள். போனில் "வாங்க, வாங்க" என்றுதான் சொல்வார்கள், வருபவர்களை வேண்டாம் என்று சொல்லும் பழக்கம் நம் ஊரில் கிடையாது. நேரில் போனால்தான் நிலவரம் தெரியும். வண்டி திருப்ப இடம் இருக்கிறதா, கைப்பிடிச் சுவர் இல்லாத கிணறு எங்கே இருக்கிறது, நாயைக் கட்டுவார்களா, உட்கார நிழல் உண்டா என்று பார்த்துவிட வேண்டும். எல்லாவற்றையும்விட முக்கியம் கழிப்பறை. எங்கள் குழுவில் பெண்கள்தான் அதிகம், அறுபது வயதைத் தாண்டியவர்களும் இருக்கிறார்கள். கழிப்பறை இல்லை என்று தெரிந்தால் பெண்கள் தண்ணீரே குடிக்காமல் வருவார்கள். வெயிலில் அது ஆபத்து. தோட்டத்து வீட்டில் வசதி இல்லை என்றால் வழியில் நல்ல ஹோட்டலோ பெட்ரோல் பங்க்கோ எங்கே இருக்கிறது என்று முன்பே குறித்து வைத்து, போகும்போதும் வரும்போதும் அங்கே வண்டியை நிறுத்துங்கள்.

பணத்தைப் பொறுத்தவரை, "எவ்வளவு தரட்டும்?" என்று கேட்டால் விவசாயி கட்டாயம் வேண்டாம் என்றுதான் சொல்வார். ஆனால் நமக்காக அவர் அரை நாள் வேலையை விட்டு நிற்கிறார். தலைக்கு இவ்வளவு என்று நாமே முடிவு செய்து, கவரில் போட்டுக் கிளம்பும்போது கொடுத்துவிடுவது எங்கள் வழக்கம். வீட்டு அம்மா டீ, மோர் கொடுத்தால் அதையும் கணக்கில் சேர்ப்போம். தேங்காய், வாழைத்தார், கீரை என்று விற்க ஏதாவது இருந்தால் சந்தை விலைக்கே வாங்குவோம். தோட்டத்தில் நின்று பேரம் பேசக்கூடாது என்பதைக் கிளம்பும் முன்பே வண்டியில் சொல்லிவிடுவேன்.

இன்னும் சில விஷயங்களையும் வண்டியிலேயே சொல்லிவிட வேண்டும். வரப்பில் மட்டும் நடக்க வேண்டும். சொட்டுநீர்க் குழாயை மிதிக்கக்கூடாது. கேட்காமல் ஒரு காய்கூடப் பறிக்கக்கூடாது. பட்டுப் புடவையும் வழுக்கும் செருப்பும் வேண்டாம், ஷூவோ பின்பக்கம் பட்டை உள்ள செருப்போ போட்டு வரட்டும்.

ஆனைமலை ஜாதிக்காய், முற்றத்துப் பப்பாளி

மாடித் தோட்டக்காரர்கள் வளர்க்க முடியாத பயிரைப் போய்ப் பார்த்து என்ன பயன் என்று கேட்பார்கள். பயன் உண்டு. ஆடி மாதத்தில் பொள்ளாச்சியைத் தாண்டி ஆனைமலைப் பக்கம் போனால், தென்னைக்கு இடையே ஜாதிக்காய், தென்னை மரத்தில் ஏறிய மிளகு, அடியில் கோகோ என்று அடுக்கடுக்காக இருக்கும். பழுத்த ஜாதிக்காய் மஞ்சளாகி, நடுவில் வெடித்து, உள்ளே ரத்தச் சிவப்பில் ஜாதிபத்திரி கருங்கொட்டையைப் பின்னிப் பிடித்திருப்பதைப் பார்த்தால் யாருக்கும் கையில் எடுத்துப் பார்க்கத் தோன்றும். எந்தப் பயிருக்கு எவ்வளவு நிழல் தாங்கும் என்பதை ஒரே இடத்தில் பார்த்துவிடலாம். மாடியில் தண்ணீர்த் தொட்டி நிழலில் என்ன வைப்பது என்று தவிப்பவர்களுக்கு இது பெரிய பாடம்.

ஜாதிக்காயில் ஆண் மரம், பெண் மரம் தனித்தனி. விதையில் வந்த கன்று ஐந்தாறு வருடம் வளர்ந்து பூத்த பிறகுதான் எது என்று தெரியும். அதனால்தான் பெண் மரத்துக் குச்சியை ஒட்டிய கன்றாகப் பார்த்து வாங்குகிறார்கள். பத்துப் பெண் மரத்துக்கு ஓர் ஆண் மரம் போதும். இதைத் தோட்டத்துக்காரர் சொல்லி முடித்ததும் குழுவில் ஒருவர், "எங்க வீட்டுப் பப்பாளி பூத்துப் பூத்து உதிர்ந்துட்டே இருக்கே, அதுவும் ஆணா?" என்று கேட்டார். ஆமாம், அதே கதைதான். பப்பாளியில் வேளாண் பல்கலைக்கழகம் வெளியிட்ட கோ 2, கோ 5, கோ 6 ரகங்களில் ஆண் மரமும் பெண் மரமும் தனித்தனியாக வரும். கோ 3, கோ 7 ரகங்களில் ஆண் மரம் வராது, பெண்ணாகவோ இருபாலாகவோ வரும், எல்லாமே காய்க்கும். முற்றத்தில் ஒரே ஒரு பப்பாளிக்குத்தான் இடம் என்றால் இந்த இரண்டாவது வகையைத்தான் கேட்டு வாங்க வேண்டும். இது நேராகப் பப்பாளி பற்றிய கூட்டத்தில் சொல்லியிருந்தால் இவ்வளவு ஆழமாகப் பதிந்திருக்காது.

அந்த வழியில் ஆழியார் நகரில் வேளாண் பல்கலைக்கழகத்தின் தென்னை ஆராய்ச்சி நிலையமும் இருக்கிறது. அரசு நிலையங்களுக்குக் கடிதம் எழுதி அனுமதி வாங்கிக்கொண்டு போங்கள். எத்தனை பேர், என்ன பார்க்க விரும்புகிறோம் என்று எழுதினால் அதற்குத் தக்க ஆளை நிறுத்தி வைப்பார்கள்.

செடி வாங்கி வருவதில் கவனம்

இதைக் கண்டிப்பாகச் சொல்லியாக வேண்டும். போகிற இடத்தில் எல்லாம் ஒரு குச்சி, ஒரு கன்று என்று வாங்கி மடியில் வைத்துக்கொண்டு வருவது தோட்டக்காரர்களின் ஆசை. பூச்சியும் அப்படித்தான் ஊர் விட்டு ஊர் வருகிறது. பப்பாளி மாவுப்பூச்சியை இந்தியாவில் முதலில் கண்டது இதே கோவையில், 2008-ல். பப்பாளி, மல்பெரி, மரவள்ளி என்று எதையும் விடவில்லை. 2010-ல் பியூர்ட்டோ ரிகோவிலிருந்து ஒட்டுண்ணிக் குளவிகளை (பூச்சியின் உடலில் முட்டையிட்டு அதைக் கொல்பவை) வரவழைத்து விட்ட பிறகுதான் அடங்கியது. அதில் அசிரோபேகஸ் பப்பாயே என்ற குட்டிக் குளவிதான் பெரிய வேலை செய்தது. தென்னையைப் பிடித்த சுருள் வெள்ளை ஈயும் 2016-ல் பொள்ளாச்சிப் பக்கம்தான் இந்தியாவில் முதலில் தென்பட்டது. அதைத் தின்னவும் என்கார்சியா என்று ஒரு குளவி உண்டு, கண்டபடி ரசாயன மருந்து அடித்தால் முதலில் சாவது அந்தக் குளவிதான்.

ஆகவே எங்கள் குழுவில் ஒரு கட்டுப்பாடு வைத்திருக்கிறோம். வெளியிலிருந்து வரும் எந்தச் செடியும் மூன்று வாரம் மற்ற தொட்டிகளிலிருந்து தள்ளித் தனியாக இருக்க வேண்டும். இலையின் அடிப்பக்கத்தைத் தினமும் திருப்பிப் பார்க்க வேண்டும். வெள்ளை ஈ தெரிந்தால், விளக்கெண்ணெய் தடவிய மஞ்சள் அட்டையைச் செடி உயரத்தில் தொங்கவிடுங்கள். வெள்ளை ஈ விடும் இனிப்பு நீர் விழுந்து கீழே உள்ள இலைகளில் கரும்பூசணம் படர்ந்துவிட்டால் லிட்டர் தண்ணீருக்கு 25 கிராம் மைதா கரைத்த பசையைத் தெளித்தால், காய்ந்து செதிலாக உதிரும்போது பூசணத்தையும் எடுத்துக்கொண்டு வந்துவிடும்.

மலைக்குப் போவதென்றால்

மலைப் பயணத்துக்குக் குழுவில் எப்போதும் கூட்டம் சேரும். நான் மே மாதத்தைத் தவிர்த்துவிடுவேன். மலர்க் கண்காட்சி, பழக் கண்காட்சி எல்லாம் அப்போதுதான், கூட்டத்தில் ஒரு செடியின் முன் நிதானமாக நிற்க முடியாது. ஆனி, ஆடியில் போனால் மேட்டுப்பாளையம்–குன்னூர் சாலையில் பர்லியார் அரசுப் பழப்பண்ணையைப் பார்க்கலாம். 1871-ல் தொடங்கியது. மங்குஸ்தான் பருவமும் அதுதான், சாலையோரக் கடைகளிலும் கிடைக்கும். கிராம்பு, ஜாதிக்காய் மரங்களும் உண்டு. அங்கிருந்து குன்னூர் சிம்ஸ் பூங்கா. 1874-ல் அமைத்தது. பெரிய மரங்களைப் பார்க்க விரும்புபவர்களுக்கு ஊட்டியைவிட இதுதான் நல்ல இடம் என்பது என் கருத்து. ருத்ராட்ச மரம் அங்கே இருக்கிறது.

ஊட்டி தாவரவியல் பூங்காவுக்குப் போவதென்றால் அதற்கு முந்தைய பேச்சில் அதன் கதையைச் சொல்லுங்கள். 1847-ல் ஊட்டியில் இருந்த ஐரோப்பியர்கள் மாதம் 3 ரூபாய் சந்தா போட்டுக் காய்கறிக்காக ஆரம்பித்த தோட்டம் அது. 1848-ல் லண்டன் கியூ தோட்டத்திலிருந்து வந்த வில்லியம் கிரஹாம் மெக்ஐவர்தான் அந்தச் சரிவைப் பூங்காவாக்கினார். அது தெரிந்து போனால், சரிவில் எப்படித் தளம் தளமாக வெட்டி மண்ணைப் பிடித்திருக்கிறார்கள் என்று எல்லோரும் பார்ப்பார்கள்.

நீலகிரிக்கு 2024 மே முதல் உயர் நீதிமன்ற உத்தரவுப்படி இ-பாஸ் எடுக்க வேண்டும். வேன் எண் தெரிந்ததும் எடுத்துவிடுங்கள், நடைமுறை மாறியிருக்கிறதா என்று கிளம்பும் முன் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்கு அங்கே தடை. ஆளுக்கொரு ஸ்டீல் பாட்டில், வண்டியில் ஒரு கேன் என்று எடுத்துப் போவோம். மலையில் பூச்செடி வாங்காதீர்கள். கோவை கடல் மட்டத்திலிருந்து 400 மீட்டர் சொச்சம், குன்னூர் 1,800, ஊட்டி 2,200. அந்தக் குளிரில் சிரிக்கும் ஃபியூஷியாவும் கிழங்கு பெகோனியாவும் நம் சித்திரை வெயிலில் ஒரு வாரம் தாங்காது.

வண்டியும் காசும்

ஒரு டெம்போ டிராவலரில் அடங்கும் ஆட்கள்தான் ஒரு பயணத்துக்கு. அதற்கு மேல் சேர்ந்தால் இன்னொரு நாள் வையுங்கள். இருபது பேருக்கு மேல் ஒரு பாத்தியைச் சுற்றி நின்றால் பின்னால் இருப்பவருக்கு ஒன்றும் கேட்காது. வாடகை, கிலோமீட்டர் கணக்கு, டோல், டிரைவர் பேட்டா எல்லாவற்றையும் வாட்ஸ்அப்பில் எழுதி வாங்கிவிடுங்கள். பணத்தை முன்கூட்டியே வசூலியுங்கள். கடைசி நேரத்தில் வரமுடியாதவருக்குப் பதில் வேறு ஆள் கிடைத்தால் மட்டும் பணம் திரும்ப என்று முதலிலேயே சொல்லிவிட்டால் மனக்கசப்பு வராது. சாப்பாட்டுக்குப் புளிசாதமும் தயிர்சாதமும் கட்டிக்கொண்டு போவதுதான் வசதி. தோட்டத்து நிழலில் உட்கார்ந்து சாப்பிடும் அரை மணி நேரத்தில்தான் தோட்டத்துக்காரர் மனம் விட்டுப் பேசுவார்.

பேச்சை எப்படி நடத்துவது

நல்ல விவசாயியை மேடையில் ஏற்றி மைக்கைக் கையில் கொடுத்தால் இரண்டு நிமிடத்தில் "வேற என்னங்க சொல்றது?" என்று இறங்கிவிடுவார். மேடை வேண்டாம். நாற்காலிகளை வட்டமாகப் போட்டு, நடுவில் ஒரு மேசை வைத்து, நாலு குச்சி, ஒரு கத்தி, கொஞ்சம் மண் கொண்டு வரச் சொல்லுங்கள். கை வேலை செய்யும்போது வாய் தானாகப் பேசும். நாற்பது நிமிடம் அவர், அப்புறம் அரை மணி நேரம் கேள்வி. கேள்விகளைத் துண்டுச் சீட்டில் எழுதி வாங்கிவிட்டால் கூச்சப்படுபவர்களும் கேட்பார்கள், ஒருவரே எல்லாக் கேள்வியும் கேட்பதும் நிற்கும். பல்கலைக்கழக ஆட்களைக் கூப்பிடுவதென்றால் துறைத் தலைவருக்குக் கடிதம் கொடுத்து, தலைப்பைச் சின்னதாகச் சொல்லுங்கள். "பூச்சி மேலாண்மை" என்று கேட்டால் பாடம் நடத்துவார். "கத்தரியில் மாவுப்பூச்சி" என்று கேட்டால் நமக்கு வேண்டியது கிடைக்கும். போக்குவரத்துச் செலவும் ஒரு சன்மானமும் யாராக இருந்தாலும் கொடுத்துவிடுவோம்.

உரமும் மருந்தும் விற்பவர்களும் பேச வரலாம். விற்பனை பேச்சு முடிந்த பிறகுதான். பாட்டிலுக்குள் என்ன இருக்கிறது, லிட்டருக்கு எத்தனை மில்லி என்று சொல்லியாக வேண்டும். பஞ்சகவ்யம் என்றால் லிட்டர் தண்ணீருக்கு 30 மில்லி என்று வெளிப்படையாகச் சொல்ல முடிகிறதே, மற்றதற்கு மட்டும் ஏன் முடியாது?

பயணம் முடிந்த அன்று இரவே தோட்டத்துக்காரருக்கு நன்றி சொல்லிப் படங்களை அனுப்பிவிடுங்கள். அவர் முகம் தெரியும் படத்தை அவரிடம் கேட்காமல் வேறு எங்கும் போடாதீர்கள். அடுத்த கூட்டத்தின் முதல் கால் மணி நேரத்தில் வீட்டு வேலை யார் யார் செய்தார்கள், செடி எப்படி இருக்கிறது என்று கேளுங்கள். நான் ஒரு நோட்டு வைத்திருக்கிறேன். டிரைவர் எண், வழியில் கழிப்பறை உள்ள இடம், தோட்டத்தில் வேலை நடக்கும் வாரம், கொடுத்த தொகை, எந்தப் பேச்சாளர் எந்தத் தலைப்பில் நன்றாகப் பேசினார் என்று எல்லாம் அதில் இருக்கும். பொறுப்பு வேறொருவர் கைக்கு மாறும்போது அந்த நோட்டையும் சேர்த்துக் கொடுத்துவிடுங்கள்.